பத்துக் கிலோவுக்குக் கீழே

திருவொற்றியூர் எடைமேடையில் எனக்கு ராத்திரி வேலை.
எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் லாரிகள்
ஒன்றன் முதுகில் ஒன்று வெளிச்சம் அடித்தபடி நிற்கும்.
ஏறியதும் எண் துள்ளும்.
முப்பத்திரண்டு டன், கொஞ்சம் குறைய, மறுபடி முப்பத்திரண்டு.
அது அடங்கும்வரை சீட்டு அடிக்கக்கூடாது.
எனக்குத் தெரிந்த ஒரே ஒழுக்கம் அது.

லாரி இல்லாத நேரத்தில்
ஃபோனில் பவுண்டும் யென்னும்.

அன்றைக்கு
நூற்றெண்பத்தெட்டு புள்ளி நாற்பதில் விற்று வைத்திருந்தேன்.
தொண்ணூறில் ஸ்டாப் லாஸ்,
சிவப்பில் விட்டுவிட்டு ஓடும் கோடு.
அதைத் தொட்டால் போகட்டும் என்று
முன்னமே மனசை ஒப்புக்கொடுத்தாயிற்று.

மணி இரண்டரை. மணலிப் பக்கத்துக் காற்று மூக்கில் காந்தியது.
தாசையாவின் லாரி ஏறியது, நின்றது, இறங்கியது.
சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால்
என் வியாபாரத்தைக் காணோம்.
பாதி மாதச் சம்பளம்
கழித்தல் குறியோடு நின்றிருந்தது.

இரண்டு விரலால் படத்தை விரித்தேன்.
விரித்து, இன்னும் விரித்து,
அந்த ஒற்றை நிமிஷத்து கேண்டில்
திரையை மீறி வளரும்வரை.
அதன் திரி எண்பத்து நாலில் முடிந்திருந்தது.
மேலே கோடு. நடுவே
ஒரு நகம் தாராளமாக நுழையும் வெள்ளை.

தொடாத கத்தியில் எப்படி அறுபட்டேன்?

கொருக்குப்பேட்டை மெர்வினை எழுப்பிக் கேட்டேன்.
அவன் வைத்திருப்பது வேறு கம்பெனி.
அவன் ஃபோனில் திரி எண்பத்தொன்றோடு சரி.
ஒரே பவுண்டு, ஒரே யென், ஒரே நிமிஷம்.
தூக்கக் கலக்கத்தில் திட்டிவிட்டு வைத்தான்.

உதவி மையத்தில் யாரோ, எதுவோ,
மரியாதையாகப் பதில் எழுதியது:
வரைபடம் விற்கும் விலையை மட்டும் காட்டும்.
விற்று வைத்ததை முடிப்பது வாங்கும் விலையில்.
வரைபடம் சரியே.

அந்த ஏகாரத்தின் மேல்
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அமைப்புகளுக்குள்ளே போய், அதற்கும் உள்ளே போய்,
ஒரு சின்னக் கட்டத்தைத் தட்டினேன்.
விலைக்கு மேலே இன்னொரு விலை.
இத்தனை மாதமும் தலைக்கு மேலேயே
பறந்துகொண்டு இருந்திருக்கிறது.

மண்ணடியில் பணம் மாற்றும் செய்யது அபூபக்கர்
கடைப் பலகையில் இரண்டு பத்தி எழுதுவார்,
வாங்க ஒன்று, விற்க ஒன்று, தெருவுக்கே தெரிய.
நடுவில் இருப்பது என் சோறு என்று
கேட்காதவனிடமும் சொல்வார்.
இங்கே, நியூயார்க் தன் நாளை மூடிக் கணக்கு மாற்றும்
இரண்டரை மணிக்கு
அந்த நடுவானது வாயைப் பிளக்கும்.
சாத்திக்கொண்ட பிறகு
படத்தில் ஒரு தழும்பும் இருக்காது.

விடிகாலையில் தாசையா திரும்பி வந்தார்.
"அறுவது கிலோ கம்மின்றான் கம்பெனில.
உன் மேட சரியாத்தான் கீதா?"

முத்திரையைக் காட்டினேன்.
போன மாதம்தான் ஆய்வாளர்
கல் ஏற்றிப் பார்த்து அடித்துவிட்டுப் போனார்.
"மேடை சரியே" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

"மோசஸ் எங்க இருந்தாரு?"
கிளீனர் மோசஸ், என் மேடையில்
கேபினுக்குள் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறார்.
கம்பெனி மேடையில்
டீ குடிக்க இறங்கியிருக்கிறார்.
இறக்கி ஏற்றிப் பார்த்தோம், சிரித்துக்கொண்டே.
ஐம்பத்தேழு கிலோதான் என்று அவர் சத்தியம் செய்தார்.
என் மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
அதில் அவர் அறுபது.
அதற்குக் கீழே யார் ஏறினாலும் இறங்கினாலும்
எனக்குத் தெரியாது, இந்தப் பதினோரு வருஷமும்.

சீட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பேனாவால் எழுதினேன்: கேபினில் ஆள் ஒன்று.
"இத்த அவன் ஒத்துக்க மாட்டான்பா"
என்று சொல்லிக்கொண்டே
தாசையா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஃபோனில் இரண்டு கோடும்
இப்போது ஒன்றையொன்று உரசியபடி
பரம சாதுவாகப் போய்க்கொண்டிருந்தன.